வா என்றால் போ

நாய்க்குப் பாடத்தைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்த மடையன் இந்தச் சிசிலித் தீவிலே நான் ஒருவன்தான். 'ஓடு' என்று சொன்னால் திரும்பி வந்து மடியில் ஏறுகிற வேட்டை நாயை உருவாக்கியவன் நான். தெரிந்து செய்திருந்தால் சர்க்கஸ்காரர் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். தெரியாமல் செய்தபடியால் ஊர் சிரித்தது.

என் பெயர் இராசநாயகம். பெயருக்குள்ளேயே ஒரு நாய் படுத்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி பவானி. "உங்கடை அப்பா தெரிஞ்சுதான் வைச்சிருக்கிறார்" என்றாள். பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோச் சந்தையில் எங்கள் ஆட்கள் என்னை நாய்நாயகம் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் திரும்பிப் பார்க்காவிட்டால் குரைத்துக் காட்டுவார்கள். மீன்காரனும் சேர்ந்து குரைப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் குரைப்பு எல்லோருக்கும் பொதுதானே.

இதை எழுதக் காரணம் சுதன். நான் ஓய்வு பெற்றபின் நாய்ப்பண்ணையில் என் இடத்துக்கு வந்திருப்பவன். போன மாதம் கோயிலில் வைரவர் மடைப் படையல் முடிந்து வடை தின்றுகொண்டு நிற்கையில் கேட்டான்.

"அண்ணை, வேட்டைநாய்ப் போட்டி விதியிலை ஒரு இடத்தை எல்லாரும் தமிழ்ச்சொல்லு, தமிழ்ச்சொல்லு எண்டு சொல்லினம். நானும் புத்தகத்தைப் பிரட்டிப் பாத்தன். தமிழ் எண்டு ஒரு எழுத்தும் இல்லை. என்ன கதை?"

"அது என்ரை கதையடா."

"அப்பிடியெண்டால் சுருக்கமாச் சொல்லுங்கோ. வடை ஆறுது."

சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆகவே எழுதுகிறேன்.

பலெர்மோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, நான் சின்யோரா என்று கூப்பிடுகிற முதலாளி அம்மாவின் வீட்டில் தரை துடைப்பது. ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மேலே, மலையடிவாரத்தில் வீடு. பின்னால் நாய்ப்பண்ணை. சின்யோராவின் கணவர் வளர்த்து, கண்மூடும்போது விட்டுவிட்டுப் போன சிசிலிய வேட்டை நாய்கள் அங்கே இருந்தன. மெலிந்த உடம்பு, செம்பழுப்பு நிறம், முயலிடம் இரவல் வாங்கியது போல நிமிர்ந்த காதுகள். நாய்களைப் பார்த்த ஆள் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சின்யோரா வந்தார், என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்தினார், அதே கையில் ஒரு நாய்க்கயிற்றை வைத்தார். அவ்வளவுதான் நியமனம். எனக்கு நாய் என்றால் உயிர்ப்பயம். ஆனால் பயம் என்பதற்கு இத்தாலிய மொழியில் என்ன என்று அப்போது தெரியாது. அந்தச் சொல்லைப் படித்து முடிப்பதற்குள் பயம் போய்விட்டது.

சின்யோரா அதிகம் பேச மாட்டார். பேசினாலும், நாய்க்குப் போடும் இறைச்சியை அளப்பதுபோல அளந்துதான் பேசுவார். அவருடைய பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எனக்கு எழுத வருகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் 'பாராட்டினார்' என்று சொல்லக்கூடிய ஒரு நாளும் எனக்கு நினைவில் இல்லை. வேலை சரி என்றால் அடுத்த வேலையைச் சொல்வார். பிழை என்றால் பேசாமல் நின்று பார்ப்பார். நான் அந்தப் பார்வைக்குப் பயந்துதான் தொழில் பழகினேன்.

மலையில் நாய்களை ஓடவிட்டுத் திரும்பி வந்ததும் முதலில் நாய்கள், பிறகு மனிதர்கள். அதுதான் பண்ணையின் சட்டம். ஒவ்வொரு நாயையும் மேசையில் ஏற்ற வேண்டும். காதை மடித்துப் பார்க்க வேண்டும், பிறகு கண், பிறகு விரலிடுக்கு, கடைசியாக வயிறு. வரிசை மாறக்கூடாது. கோடையில் காய்ந்த புற்கதிரில் ஊசிபோல ஒரு முள் இருக்கும். அது பாதத்துக்குள் போனால் வெளியே வராது. முன்னோக்கி மட்டும் நகரும். இன்றைக்கு விரலிடுக்கில் இருப்பது வாரக் கடைசியில் காலுக்குள் எங்கோ போய்ச் சீழ் கட்டும்.

ஒரு நாள் எனக்குச் சரியான பசி. பவானி கட்டித் தந்த புட்டும் மீன்குழம்பும் பையில் இருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. மேசை வேலையைப் பிறகு பார்ப்போம் என்று பொட்டலத்தை அவிழ்த்தேன். சின்யோரா வந்து பார்த்தார். திட்டவில்லை. "சப்பாத்தைக் கழட்டும்" என்றார். கழற்றினேன். வேலியோரம் போய் ஒரு புற்கதிரைப் பிடுங்கி வந்து என் காலுறைக்குள் போட்டார். "இப்ப மாட்டும். நடவும்."

முற்றத்தை நொண்டி நொண்டிச் சுற்றி வந்தேன். நாய்கள் எல்லாம் கம்பிவலையில் மூக்கை வைத்து, நான் ஏதோ புதிய இனம் என்பதுபோலப் பார்த்தன.

"இப்ப சொல்லும். சாப்பாடு முதலோ, கால் முதலோ?"

"கால், சின்யோரா."

"நல்லது. கழட்டும்."

அன்றைக்குப் புட்டு ஆறித்தான் போயிற்று. அந்த மேசையை நான் பிறகு ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. போட்டிக்குப் போனால், நாயை அவிழ்க்குமுன் குனிந்து புறங்கையை நிலத்தில் வைப்பார். சூடு தாங்காமல் கையை எடுக்க வேண்டி வந்தால், நாயைத் திருப்பி வண்டியில் ஏற்றிவிடுவார். அங்கே பெரிய கோப்பை காத்திருந்தாலும் சரி, அழைத்தவர் மேயரே ஆனாலும் சரி. இப்படித் திரும்பித் திரும்பி வந்ததில் எங்கள் பண்ணைக்குத் தோற்கிற பண்ணை என்று பெயர். சின்யோராவின் கணவர் கோப்பைகள் வைக்கவென்று கண்ணாடி அலுமாரி ஒன்று செய்வித்திருந்தார். அதில் நாங்கள் நாய்களின் பூச்சி மருந்துக் குளிசையும் பஞ்சும் வைத்திருந்தோம்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு ஆசை இருந்ததாம். தன் வளர்ப்பில் ஒரு நாயாவது 'சாம்பியன்' பட்டம் எடுக்க வேண்டும் என்பது. சின்யோரா இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லிவிட்டு உடனே வாளியைக் கழுவச் சொன்னார்.

அந்த ஆசைக்குப் பிறந்த குட்டி போல வந்தது கன்னெல்லா. பெயர் வைத்தவர் சின்யோரா. இத்தாலிய மொழியில் அதற்குக் கறுவாப்பட்டை என்று பொருள். அந்த நிறம்தான் அவளுக்கு. நான் கறுவா என்றே கூப்பிட்டேன். என் இத்தாலிய இலக்கணத்தைக் கேட்டுச் சிரிக்காத ஒரே கூட்டம் நாய்கள் என்பதால் அவற்றோடு முழுக்கத் தமிழிலேயே கதைத்தேன். 'இரு', 'நில்', 'பொறடி', 'சனியனே சப்பாத்தை விடு' எல்லாம் கறுவாவுக்கு விளங்கும். 'வா' என்றால் முயலையே வாயில் வைத்திருந்தாலும் போட்டுவிட்டு வருவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கறுவாவின் முதல் போட்டி வந்தது. நாயை ஓடவிடுவது சின்யோராதான். நான் வண்டியோரம் தண்ணீர்ச் சட்டியுடன் நின்றேன். சின்யோரா குனிந்து கயிற்றை அவிழ்த்து, மலையைக் காட்டி, வேட்டைக்காரர் எல்லோரும் சொல்கிற அந்தச் சொல்லைச் சொன்னார்: "வா!"

இத்தாலிய மொழியில் 'வா' என்றால் 'போ'.

இத்தனை காலம் பலெர்மோவில் சீவித்தும் இது என் மண்டையில் ஏறவில்லை. பேருந்தில், சந்தையில், வீதியில் எல்லோரும் ஒருவரையொருவர் 'வா, வா' என்று விரட்டிக்கொண்டிருந்ததை, என்ன அன்பான சனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கறுவா பாய்ந்தாள். "வா!" என்று சின்யோரா மறுபடி உற்சாகப்படுத்தினார். கறுவா அந்தரத்தில் திரும்பி, ஓடி வந்து அவருடைய முழங்காலில் ஏறினாள். மறுபடியும் "வா!" மறுபடியும் மடி. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தவர் எங்கள் போட்டிக்காரரான ஒரு வழக்கறிஞர். இத்தாலியர் அவ்வொக்காத்தோ என்பார்கள். எங்கள் ஊரில் ஒருகாலத்தில் அப்புக்காத்து என்று சொன்ன அதே சாதனம்தான். ஆகவே எனக்கு அவர் அப்புக்காத்து.

"சின்யோரா, முயல் உங்கடை மடிக்குள்ளையோ இருக்கு?" என்றார் அப்புக்காத்து.

சின்யோரா நாயைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை.

"உங்கடை பாஷையிலை 'வா' எண்டால் என்ன?"

"வா எண்டால்... இஞ்சை வா எண்டு, சின்யோரா."

அவர் நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னுடைய வேலை அந்த மலைக்குப் பின்னால் இறங்கிப் போவதை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கயிற்றை என் கையில் வைத்தார். "அவளுக்கு இத்தாலி படிப்பிக்கிறதை விட நீர் போட்டிக்கு வாறது லேசு. இனி நீர்தான் இவளை விடுறது."

இப்படியாக, செய்த பிழைக்குத் தண்டனையாகப் பதவி உயர்வு பெற்றவன் நான். கறுவாவை ஓடவிட நான் 'போ' என்பேன். இத்தாலிய மொழியில் 'போ' என்றால் 'கொஞ்சம்'. "கொஞ்சம் என்ன வேணும், கோப்பியோ?" என்று அப்புக்காத்து ஒவ்வொரு முறையும் கேட்பார். கறுவா கேட்காமல் ஓடுவாள். வென்றாள். பிறகும் வென்றாள். பஞ்சையும் குளிசையையும் அலுமாரியில் ஒதுக்கி வைத்தோம். சாம்பியன் பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு வெற்றி தேவை என்ற நிலை வந்தது. அவளுக்கும் வயது ஏறியிருந்தது. அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டிதான் அவளுக்கும் கடைசி.

அந்தப் போட்டிகளில் முயலை யாரும் சுடுவதில்லை. நாய் மணம் பிடித்து முயலை எழுப்பித் துரத்துகிற திறமைக்குத்தான் புள்ளி. விதி கடுமை. நாயை விட்டபின் அதைக் கொண்டுவந்தவர் நடுவருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். குரல் கொடுத்து உற்சாகப்படுத்தலாம். ஆனால் திருப்பிக் கூப்பிடக் கூடாது, நடுவரைத் தாண்டக் கூடாது, நாயைத் தொடக் கூடாது. ஒன்று மீறினாலும் நாய் வெளியே. நாய் தன் புத்தியால் வேட்டையாட வேண்டும் என்பது விதியின் நியாயம். நியாயம்தான். மலையில் என்னென்ன இருக்கும் என்பதை எழுதியவர் மறந்துவிட்டார்.

கடைசிப் போட்டி பலெர்மோவிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக, கைவிட்ட வாதுமைத் தோட்டம் ஒன்றில். காலையில் வந்து இறங்கியதும் எனக்கு அவசரம். மறைவு தேடி ஓர் அத்திமரத்துக்குப் பின்னால் போனேன். நின்ற இடத்தில் காலடி ஆடியது. குனிந்து பார்த்தால் உக்கிப்போன பலகைகள், மேலே சருகு, கீழே இருட்டு. ஒரு கல்லைப் போட்டேன். தண்ணீர்ச் சத்தம் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்த அவசரம் அப்படியே நின்றுவிட்டது.

திடல் பொறுப்பாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அத்திமரத்தடியிலை பாழ்கிணறு இருக்கு."

"ஓட்டம் அந்தப் பக்கம் போகாது" என்றார். ஒரு மரக்கொப்பை முறித்துக் குறுக்கே போட்டுவிட்டுப் போனார். முயல்களிடம் கேட்டுச் சொன்னாரோ தெரியாது.

எங்கள் முறையில் இரண்டு நாய்கள் சோடியாக ஓட வேண்டும். கறுவாவுக்குச் சோடி அப்புக்காத்தின் சேசாரே, பெரிய ஆண் நாய். நான் 'போ' என்றேன். அப்புக்காத்து 'வா' என்றார். கறுவா என் சொல்லைக் கேட்டு ஓடினாள். அவர் சொல்லைக் கேட்டுத் தயங்கக் கூடாது என்று நாங்கள் எத்தனை மாதம் பாடுபட்டோம் என்பது தனிக்கதை. என் குரலில் வருகிற 'வா'தான் அவளுக்கு வா.

கற்சுவருக்குக் கீழே முயல் எழும்பியது. இரண்டு நாய்களும் அதன் பின்னால். என்ன ஓட்டம்! நடுவர் தலையை ஆட்டினார். சின்யோரா எட்டத்தில் வண்டியோரம் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பட்டம் எங்கள் கைக்குள் வந்துவிட்டது. அப்போது முயல் சுவரைச் சுற்றி நேரே அத்திமரத்தை நோக்கித் திரும்பியது.

நான் யோசித்தேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். யோசிக்கவில்லை. "கறுவா! வா! வா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நடுவர் மெச்சுதலாகத் திரும்பிப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது 'போ, போ'. கறுவா நின்ற இடத்தில் சுழன்று, முயலை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். நடுவரின் முகம் குழம்பியது. 'போ' என்று சொல்ல நாய் வருகிறதே!

ஆனால் சேசாரே நிற்கவில்லை. முயல் அத்திமரத்தடியில் புகுந்து மறைய, அவன் மூக்கை நிலத்தில் வைத்து வட்டமடித்துத் தேட ஆரம்பித்தான். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அப்புக்காத்தர், கூப்பிடுங்கோ அவனை! அங்கை கிணறு!"

"நல்ல விளையாட்டு! நான் கூப்பிட, என்ரை நாயைப் போட்டியிலையிருந்து வெட்டுவினம். அதுதானே உமக்கு வேணும்?"

"ஐயோ, சத்தியமா! காலமை நானே விழப் பாத்தனான்!"

"நீர் அங்கை என்ன செய்தனீர்?"

அதற்குப் பதில் சொல்ல நேரமும் இல்லை, வெட்கமும் விடவில்லை. கறுவாவுக்குக் கயிற்றை மாட்டி அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். நடுவரைத் தாண்டினேன். என் உடம்பு ஓடுவதற்கென்று அமைந்ததல்ல. வயிறு முதலில் போகும், நான் பின்னால் போவேன். "நில்லும்! நில்லும்!" என்று நடுவரும் பின்னால் ஓடி வந்தார். சேசாரே முன்னங்காலைப் பலகையில் வைத்தான். பலகை முறிந்தது. நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவனுடைய பின்னங்கால் ஒன்றைப் பிடித்தேன். பிடித்தபடியே நானும் சறுக்கினேன். நடுவர் எட்டி என் இடுப்புப் பட்டியைப் பிடித்தார்.

நாயின் கால் என் கையில், என் காற்சட்டை நடுவரின் கையில். கீழே பலகைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தம். பட்டி மட்டும் அறுந்திருந்தால் நானும் நாயும் கிணற்றில், நடுவர் கையில் வெறும் காற்சட்டை. ஆனால் பட்டி நல்ல பட்டி. பவானி வாங்கித் தந்தது. அவர் இழுக்க நான் வர, நான் இழுக்க நாய் வந்தது. வெளியே வந்த சேசாரே நன்றியோடு என்னைக் கடித்தான். சின்னக் கடிதான். அவன் நிலையில் நானும் கடித்திருப்பேன்.

அப்புக்காத்து கறுவாவைப் பிடித்தபடி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். தன் நாயின் பக்கத்தில் அப்படியே நிலத்தில் குந்தினார். விலை கூடின காற்சட்டை.

பிறகு நடுவர் மேசையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். நடுவர் நல்ல மனுஷன். தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நீர் என்னைத் தாண்டுமுன்னமே நான் ஓட்டத்தை நிப்பாட்டினதா எடுக்கலாம். ஆகத் தாண்டினதும் தொட்டதும் குற்றமில்லை. மிச்சம் ஒண்டுதான். நீர் கத்தினது 'வா' தானே? அது உற்சாகம். விதிக்கு அமைவு. உங்கடை நாயைத் திரும்ப ஓட விடலாம்."

பட்டம் மேசையில் வந்து தானாக உட்கார்ந்தது. நான் என்ன பொய்யா சொல்ல வேண்டும்? 'ஓம், வா என்றுதான் கத்தினேன்' என்று சொன்னால் போதும். அட்சரம் பிசகாத உண்மை. வாயைத் திறந்தேன்.

"அவர் கூப்பிட்டவர்" என்றார் சின்யோரா.

எல்லோரும் திரும்பினார்கள். என் வாய் திறந்தபடியே இருந்தது.

"தமிழிலை 'வா' எண்டால் திரும்பி வா எண்டு அர்த்தம். அவர் நாயைத் திருப்பிக் கூப்பிட்டவர். கூப்பிட்டது சரி. விதிதான் பிழை. உற்சாகம் எண்டு நீங்கள் எழுதினால் விதி அப்பிடியே கிடக்கும். அடுத்த கிணத்தடியிலை நிக்கிறவர் கூப்பிடப் பயப்பிடுவார். அவருக்குத் தமிழும் தெரியாது."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நடுவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு கன்னெல்லா நீக்கப்பட்டாள் என்று எழுதினார்.

"என்ரை நாயையும் வெட்டுங்கோ" என்றது ஒரு குரல். அப்புக்காத்து. "இவர் கூப்பிடச் சொன்னவர். நான் கோப்பையைப் பாத்துக்கொண்டு நிண்டன். நான் இண்டைக்கு ஓடமாட்டன்."

அவருக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவர் தன் நாய்க்குக் கயிறு மாட்டினார். "விதி மாறும் வரைக்கும் நானும் இல்லை." அடுத்தவர். அதற்கடுத்தவர். கயிறு மாட்டுகிற சத்தம் மேசையைச் சுற்றிக் கிலுகிலுப்பை போலப் போயிற்று. யாருமே மிச்சமில்லை. அன்றைக்கு அந்தக் கோப்பை கொண்டுவந்த பெட்டியிலேயே திரும்பிப் போயிற்று. கோப்பை எடுக்காமல் இவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன போட்டியை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னைத் தோளில் தூக்கவும் பார்த்தார்கள். தூக்க முடியவில்லை. தட்டிக்கொடுத்தார்கள்.

அடுத்த பருவத்தில் விதி மாறியது. இப்போது ஒவ்வொருவரும் ஓடவிடுமுன் ஒரு சொல்லை நடுவரிடம் சொல்லி வைக்க வேண்டும். நாய்க்கு ஆபத்து என்று கண்டால் அந்தச் சொல்லால் கூப்பிடலாம். புள்ளி குறையாது, நீக்கமும் இல்லை. எந்த மொழிச் சொல்லும் ஆகலாம். அதைத்தானடா சுதன், எல்லோரும் தமிழ்ச்சொல் என்கிறார்கள். அப்புக்காத்து சேசாரேக்குச் சொல்லி வைத்திருக்கிற சொல் 'பொறடி'. ஆண் நாய்க்கு 'பொறடா' என்றுதான் வரவேண்டும் என்று நான் சொல்லிக் களைத்துவிட்டேன். நாய் கேட்கிறதே என்கிறார்.

நான் ஓய்வு பெற்றபோது ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டு விருந்து வைத்தார்கள். பவானியும் சேலை கட்டி வந்தாள். அப்புக்காத்து எழுந்து கிளாசைத் தூக்கினார். நடுவர் எழுந்து, எல்லோர் முன்னாலும், எனக்குப் புதிதாக ஒரு இடுப்புப் பட்டி பரிசளித்தார். பவானி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரரும் திரும்பினார்கள். நானும் எழுந்து இத்தாலிய மொழியில் ஒரு பேச்சுப் பேசினேன். என் இலக்கணத்துக்கு அழாத ஆள் இல்லை, சிரித்துச் சிரித்து.

உட்கார்ந்த பிறகும் எனக்குக் குரல் அடங்கவில்லை. வைனும் ஒரு காரணம். பக்கத்தில் சின்யோரா இறால் ஓடு உரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன்.

"சின்யோரா, மனசைத் தொட்டு ஒருக்காச் சொல்லுங்கோ! உங்கடை மனுசன் அவ்வளவு ஆசைப்பட்ட பட்டம் அண்டைக்குக் கைக்கு வந்து போட்டுது. உங்கடை வாயாலை போனது. எனக்கெண்டால் இப்பவும் நெஞ்சுக்குள்ளை கிடந்து குடையுது. உங்களுக்குக் கொஞ்சமும் கவலை இல்லையோ?"

சின்யோரா மேசைத் துணியைக் கொஞ்சம் தூக்கிக் கீழே பார்த்தார். மூக்கு முழுக்க நரைத்துப்போன கறுவா, அவருடைய பாதத்தில் தலையை வைத்துக் கிடந்தாள். துணியை விட்டார். என்னிடம் திரும்பினார்.

"சத்தம் போடாதையும், அவள் நித்திரை."